பல்லி சொன்ன பலன்

தமயந்திக்குப் புத்தி மங்கத் தொடங்கிவிட்டது என்ற செய்தி தமயந்திக்கு வருவதற்கு முன்பே திண்டுக்கல் நாகல்நகர் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

காலையில் மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு நிமிர்ந்தால், முதல் ஆளாக ஓய்வுபெற்ற தபால்காரர் சவரிமுத்து நிற்கிறார். அவருடைய ரத்த அழுத்த மாத்திரையைப் பல வருடமாக அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். அவள் சீட்டைப் பார்க்க மாட்டாள், அவர் அட்டையைப் பார்க்க மாட்டார். அப்படிப் பழகிய வியாபாரம். அன்றைக்கு அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கல்லா அருகே நின்ற மும்தாஜிடம் நீட்டினார்.

“பாப்பா, நீ ஒரு தடவ பாத்துரும்மா. சரியான மாத்திரைதானான்னு.”

மும்தாஜ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் படித்தது பொருளாதாரம். மாத்திரை அட்டையின் எந்தப் பக்கம் பெயர் இருக்கும் என்பதைத் தமயந்தியிடம்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

“என்ன சவரியண்ணே, இன்னைக்குப் புதுசா?” என்றாள் தமயந்தி.

“ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு இதுக்குத்தான்.”

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவளுடைய மருந்தாளுநர் உரிமம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதன் மூலையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. மாட்டிய நாளிலிருந்து பச்சையாக எரிந்துகொண்டிருந்த விளக்கு இப்போது மஞ்சளாக எரிந்தது. தெருவில் நின்று பார்த்தாலே தெரியும்படி எரிந்தது.

அதற்கப்புறம்தான் அவள் போன் சிணுங்கியது. ‘தங்கள் நலனில் கொண்ட அக்கறையால்’ என்று தொடங்கிய செய்தியை அவள் பாதியில் நிறுத்தினாள். அக்கறை உள்ளவர்கள் முதலில் அவளிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? சவரிமுத்துவிடம் சொல்லிவிட்டா அவளிடம் வருவார்கள்?

அந்த விளக்கின் நிறத்தை முடிவு செய்கிற பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘தெளிவு’. திண்டுக்கல் வைத்த பெயர் பல்லி. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடு, வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றிலும் டியூப்லைட்டுக்குக் கீழே சோப்பு டப்பா அளவில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் காது மட்டும் உண்டு. சொன்னதையே திரும்பச் சொன்னால், பெயர் வாயில் வராமல் தடுமாறினால், பாதிப் பேச்சில் நின்றுபோனால், ‘ச்’ என்று ஒரு சத்தம் போட்டுக் குறித்துக்கொள்ளும். மறதி நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே பேச்சில் அதன் சாயல் தெரியும் என்று யாரோ கண்டுபிடித்ததில் வந்த வினை இது.

வந்த புதிதில் ஊரே அதை வைத்துச் சிரித்தது. அது சத்தம் போட்டால், நிஜப் பல்லிக்குச் செய்கிற மாதிரி விரலால் தரையைத் தட்டினார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிப்போனது. கல்யாண வீட்டில் பெரியவர்கள் “நீ யாரு பொண்ணும்மா?” என்று கேட்பதை விட்டார்கள். பெயர் மறந்துபோனால் இருமுவது ஒரு வழக்கமானது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள். அப்படியும் யாரைக் கேட்டாலும் “நல்லதுக்குத்தானே வச்சிருக்காங்க” என்றுதான் சொன்னார்கள். தங்களுக்குப் பச்சை எரிகிற வரைக்கும் எல்லாமே நல்லதுக்குத்தான்.

பச்சையோ மஞ்சளோ, சாதாரண ஆட்கள் என்றால் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்துக்கும் செய்தி போகும். பஸ் ஓட்டுநர், ஆசிரியர், மருந்தாளுநர் என்றால் வாசலிலேயே விளக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மஞ்சள் எரிந்தால் ஒரு வாரத்துக்குள் மேல்விசாரணை. அதிலும் மஞ்சளே நிலைத்தால் உரிமம் போய்விடும். முப்பது வருடமாக அவள் நின்ற கவுண்ட்டருக்குப் பின்னால் அவள் நிற்கக் கூடாது.

மகள் நறுமுகை புனேயிலிருந்து பேசினாள். செய்தி அவளுக்கும் போயிருந்தது.

“அம்மா, பயப்படாத. ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதுதானே?”

“தெரிஞ்சு என்ன பண்ணப்போறாங்க?”

“ஏதாவது பண்ணுவாங்கல்ல?”

“நான் மருந்துக்கடைக்காரி, நறு. இதைத் தீத்து வைக்கிற மருந்து என் அலமாரியிலயும் இல்ல, எவன் அலமாரியிலயும் இல்ல. மருந்து தர வக்கில்லாதவங்க கலர் மட்டும் தர்றாங்க.”

“ஏம்மா இப்படிக் கோவப்படற? கோவம் வர்றதும் ஒரு அறிகுறின்னு அதுல போட்டிருக்கு.”

இதற்குமேல் என்ன பேசுவது? கோபப்பட்டால் நோய், பேசாமல் இருந்தால் அதுவும் நோயாகத்தான் இருக்கும்.

“அப்பா கூட இருக்காரு, அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி,” என்றாள் நறுமுகை. “அவர்கிட்ட சொல்லி வைக்கிறேன், உன்னப் பாத்துக்கச் சொல்லி.”

தமயந்தி போனை வைத்தாள். வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். அலமாரியின் மேல்வரிசையிலிருந்து மருந்துகளின் பெயரை மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பெட்டியின் பெயர், கம்பெனியின் பெயர், எத்தனை மில்லிகிராம் எல்லாம் வந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு சிரப் பெயர் மட்டும் வரவில்லை. அவளை அறியாமல் இருமினாள். அப்புறம் பெயர் வந்துவிட்டது. ஆனால் தன்னை இருமவைத்துவிட்டார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைக்கு மேல்மாடிதான் வீடு. மதியம் படியேறிப் போனாள்.

“நான் தமயந்தி வந்துட்டேன்,” என்று வாசலிலேயே சொன்னாள். “மணி ஒண்ணாச்சு. சாப்பிடற நேரம். இன்னைக்கு வியாழக்கிழமை.”

சுவரில் பல்லி ‘ச்’ என்றது.

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளை ஜிப்பா, நெற்றியில் திருநீறு, படிய வாரிய நரைமுடி. பட்டிமன்றம் பரஞ்சோதி என்றால் நான்கு மாவட்டத்துக்குத் தெரியும். கோயில் திருவிழாவோ, பொங்கல் விழாவோ, நடுவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் விடிய விடிய ஜனம் கலையாது.

“வாம்மா, வா. சூரியன் உச்சிக்கு வந்தா மாதிரி சரியான நேரத்துக்கு வந்த,” என்றார் கணீரென்று.

“கைகழுவிட்டு வாங்க. பாத்ரூம் இந்தப் பக்கம். இது பாத்ரூம். அது வெளிக்கதவு.”

‘ச்’.

“இது ரசம். காலையில இட்லி சாப்பிட்டீங்க. மாத்திரை போட்டாச்சு. மாத்திரை போட்டாச்சுங்க.”

‘ச்’, ‘ச்’.

“ஆமாம்மா, ஆமா,” என்றார் பரஞ்சோதி மிகவும் பொறுமையாக.

இப்படித்தான் இரண்டு வருடமாக நடக்கிறது. நோய் அவளுக்கு இல்லை. அவருக்கு.

நத்தம் திருவிழா மேடையில் அது ஆரம்பித்தது. இரண்டு அணியும் பேசி முடித்தபின் அவர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். அருமையான தீர்ப்பு. ஆனால் அது முந்தின நாள் வேறு ஊரில் வேறு தலைப்புக்குச் சொன்ன தீர்ப்பு. ஜனம் அதை நகைச்சுவை என்று நினைத்து விசிலடித்தது. முன்வரிசையில் இருந்த தமயந்திக்கு மட்டும் அது நேற்றைய தீர்ப்பு என்று தெரிந்தது. திரும்பும்போது காரில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “தமயந்தி, எங்கயோ நழுவுது. யாருக்கும் தெரிய வேணாம். என்னைய மஞ்சளாக்கிராத” என்றார்.

அவருக்கு அந்தப் பயம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அவரோடு ஒரே மேடையில் பேசிய நண்பர் சிற்றரசுக்கு மஞ்சள் எரிந்தபோது, ஒரே வாரத்தில் எல்லாக் கமிட்டியும் போன் போட்டு, “உடம்பப் பாத்துக்குங்கண்ணே” என்று சொல்லி நிகழ்ச்சியை ரத்து செய்தன. அவர் டீ குடிக்கப் போனால் டீக்கடைக்காரர் போனில் எச்சரிக்கை மணியடிக்கும். பேங்கில் பணம் எடுக்க மகனின் கைரேகை வேண்டும். தடுமாறினால் பல்லி சத்தம் போடுமே என்று அவர் வீட்டில் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். வாழ்நாள் முழுக்க மேடையில் முழங்கிய மனிதர், ஒரு மூலையில் வாயை மூடி உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தார். மறதி அவரைக் கொல்லவில்லை.

இதில் ஒரு கொடுமை உண்டு. பெட்டி வந்த புதிதில் ‘தெளிவு நம் வீட்டுக்கு வரமா, சாபமா?’ என்று டிவியில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. நடுவர் பரஞ்சோதி. “பெத்த பிள்ளை ஊர்விட்டு ஊர் போயிரும். இது போகாம நம்மளப் பாத்துக்கும். வரமே!” என்று அவர் கைதூக்கிச் சொன்னதைத்தான் பிறகு தெருத்தெருவாகப் போட்டுக் காட்டி வீடுவீடாகப் பெட்டியை ஒட்டினார்கள்.

அந்தப் பெட்டியில் பரஞ்சோதிக்கு இன்றுவரை பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, அடர்பச்சை. அவர் பேச்சுக்கு என்ன குறை? சொல்லுக்குச் சொல் வளம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தம், ஒரே வாக்கியம் இரண்டாம் முறை வராது. எதிரில் இருப்பது யார் என்று தெரியாமலே அரைமணி நேரம் அவர்களைப் பாராட்டிப் பேசுவார். எங்கே சொல் தடுமாறப்போகிறது என்பது தமயந்திக்கு முன்கூட்டியே தெரியும். அந்தச் சொல்லைத் தன் வாயால் போட்டுவிடுவாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடுவார். பல்லிக்கு அவர் பேச்சு சீராகப் போவது கேட்கும். அவள் குறுக்கே பேசுவதும், சொன்னதையே சொல்வதும் கேட்கும். இரண்டு வருடமாக அவருடைய மறதியை அவள் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

மும்தாஜுக்கு விஷயம் தெரியும். மாடிக்கு டீ கொண்டுபோகிற பெண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா?

“அக்கா, ஐயாவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா உங்க விளக்கு பச்சையாயிரும்,” என்றாள் சாயங்காலம்.

“அவரு விளக்கு?”

மும்தாஜ் மாடிப் பக்கம் பார்த்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு அவரு பாட்டுக்கு ரோட்டுல இறங்கிப் போயிட்டா? ஒருநா பனியனோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டாரே. அப்படி ஒண்ணு நடந்தா பல்லிக்குத் தெரிஞ்சிருக்கறது நல்லதுதானே?”

“போனா நான் தேடுவேன், நீ தேடுவ. பல்லி தேடாது. ஊருக்குச் சொல்லும், அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பனியன் நாளை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பயம்தான். மும்தாஜ் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சுயபுத்தியோடு கேட்ட கடைசி உதவி அது. அதை எப்படி மீறுவது?

மறுநாள் அவள் தெளிவு அலுவலகத்துக்குப் போனாள். மதிப்பீட்டு அலுவலர் கீர்த்திவாசனுக்கு முப்பது வயது இருக்கும். எழுந்து நின்று வணக்கம் சொன்னான், தண்ணீர் வரவழைத்தான், அவள் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டான். இப்படிப்பட்டவர்களிடம் சண்டை போடுவதுதான் கஷ்டம்.

“மேடம், நீங்க என்ன பேசறீங்கன்னு நாங்க கேக்கறதே இல்ல,” என்றான். “வார்த்தை உள்ள போனதும் அழிஞ்சிரும். எத்தனை தடவ, எவ்வளவு இடைவெளி, அந்தக் கணக்கு மட்டும்தான் நிக்கும். உங்க அந்தரங்கத்துக்காகத்தான் இந்த ஏற்பாடே.”

“அப்ப நான் என்ன பேசினேன்னு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது மேடம்.”

“எதுக்காகப் பேசினேன்னும் தெரியாது.”

“தெரிய வழியே இல்ல.” அதைப் பெருமையாகவே சொன்னான்.

“ஆனா எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு மட்டும் தெரியும். அப்படித்தானே?”

“அப்படி யாரும் சொல்லல. ஒரு போக்கு தெரியுதுன்னுதான் சொல்றோம்.”

“உங்க போக்கத்தான் என் கடை வாசல்ல விளக்குப் போட்டுக் காட்டிட்டீங்களே. முப்பது வருசம் ஒரு மாத்திரை மாறிக் குடுத்ததில்ல. அதுக்கு எந்தப் பெட்டியில கணக்கு இருக்கு?”

அவன் திரையைத் தட்டினான். சட்டென்று முகம் மலர்ந்தது.

“பட்டிமன்றம் பரஞ்சோதி ஐயா உங்க வீட்டுக்காரரா? எங்கம்மாவுக்கு உயிர் மேடம்! அவரு அடர்பச்சையில்ல இருக்காரு. அப்புறம் என்ன கவலை? கூடவே இருக்கற பச்சைக்காரங்க ஒருத்தர் நேர்ல வந்து, மாற்றம் ஒண்ணும் இல்லன்னு சொன்னாப் போதும். அவரு வார்த்தைக்கு மேல எங்களுக்கு என்ன சாட்சி வேணும்?”

வழி ஒன்று கிடைத்துவிட்டது என்றுதான் தமயந்தி நினைத்தாள். அவர் மேடைக்காரர். ஒரு வரியை மனப்பாடம் செய்து சபையில் சொல்வது அவருக்குப் பெரிய காரியமா? அன்றிலிருந்து சாப்பிடும்போதும் தலைவாரிவிடும்போதும் சொல்லிக்கொடுத்தாள். “யாரு என்ன கேட்டாலும், ‘என் சம்சாரம் நல்லாத்தான் இருக்கா’ன்னு சொல்லணும். என்ன சொல்லணும்? நல்லாத்தான் இருக்கான்னு சொல்லணும்.” ஒவ்வொரு முறையும் பல்லி ‘ச்’ என்றது. ஒவ்வொரு முறையும் அவர் அவள் புறங்கையைத் தட்டிக்கொடுத்து, “ஆமாம்மா, ஆமா. சொல்லிருவோம்” என்றார். அவர் கண்ணில் அப்போது தெரிந்தது என்ன என்று அவள் கவனித்திருக்கலாம். கவனிக்க அவளுக்கு எங்கே நேரம்?

விசாரணை அன்று மும்தாஜும் கூட வந்தாள். அலுவலகமே வாசலில் நின்றது. பரஞ்சோதியோடு படம் எடுத்துக்கொள்ள ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொருவரையும் பல நாள் பழகியவர்போல் தோளில் கைபோட்டு நலம் விசாரித்தார். ஒருவரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அது யார் கண்ணிலும் படவில்லை.

“ஐயா, இன்னைக்கு எதுக்காக வந்திருக்கோம்னு தெரியும்ல?” என்று ஆரம்பித்தான் கீர்த்திவாசன்.

வாசலில்தான் தமயந்தி காதோடு சொல்லி வைத்திருந்தாள். அவர் எழுந்து நின்று கைகூப்பினார். “ஒரு பெண்ணோட மதிப்ப எடை போட வந்திருக்கோம், தம்பி. தராசு உங்க கையில. எடைக்கல்லு என் மனசுல.”

அலுவலகம் கைதட்டியது. தமயந்திக்கு மூச்சு வந்தது.

“உங்க சம்சாரத்துக்கிட்ட சமீபமா ஏதாவது மாற்றம் தெரியுதாங்கய்யா?”

பரஞ்சோதி உட்கார்ந்தார். மேடைக் குரல் போய்விட்டது. வீட்டில் அவளோடு மட்டும் பேசுகிற குரல் வந்தது.

“உண்மையச் சொல்லணுமா, தம்பி?”

“உண்மையத்தான் ஐயா.”

“ரொம்ப நல்ல மனுசி. ஆனா கொஞ்ச நாளா சொன்னதையே சொல்றா. இது கதவு, இது பாத்ரூம், இப்ப மணி ஒண்ணு, இன்னைக்கு வியாழக்கிழமைன்னு. பாவம், தனக்குத்தானே ஞாபகப்படுத்திக்கிறா போல. சாப்பிட்டாச்சு சாப்பிட்டாச்சும்பா. நான் ஒண்ணும் கேட்டுக்க மாட்டேன். மனசு நோகக் கூடாதுல்ல? ஆமாம்மா ஆமான்னுருவேன். வெளிய தெரிஞ்சா மஞ்ச விளக்குப் போட்ருவாங்கன்னு இத்தனை நாளா நான்தான் மறைச்சு வச்சிருந்தேன். இந்தா, இங்க வந்துகூட, நல்லாத்தான் இருக்கான்னு சொல்லச் சொல்லித் தினமும் கெஞ்சறா. எப்படிப் பொய் சொல்றது? அவளுக்கு வைத்தியம் பாக்கணும்ல?”

சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அவருக்கு நடிக்கத் தெரியாது, பேச மட்டும்தான் தெரியும். இத்தனை நாளும் அவள் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், அவர் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த ‘ஆமாம்மா, ஆமா’வில் இருந்த பொறுமை எல்லாம் இதுதானா? தமயந்திக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அவர்மேல் கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. வந்த கோபம் முழுக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளை டப்பாவின்மேல் வந்தது.

மும்தாஜ் பொறுக்கமாட்டாமல் எழுந்தாள். “சார், ஐயாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அவங்க பொண்ணு...”

தமயந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒரே ஒரு கேள்விதான். உங்கள் மகள் பெயர் என்ன, உங்கள் வீடு எந்தத் தெரு, எது கேட்டாலும் போதும். அத்தனை பேர் நடுவில் அவர் இருமுவார். அவளுடைய விளக்கு பச்சையாகும். இப்போது படம் எடுத்துக்கொண்டவர்கள் அடுத்த நிமிஷமே அவரைப் பார்த்து ‘உச்’ கொட்டுவார்கள். முடியாது. அதை அவளால் செய்ய முடியாது.

ஆனால் வாயை மூடிக்கொண்டு போகவும் முடியாது. எழுந்து நின்றாள்.

“ஆமா சார், சொன்னதையே சொல்றேன். ஒத்துக்கறேன். கடையிலயும் சொல்றேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பின்னாலன்னு ஒவ்வொருத்தருக்கும் திருப்பித் திருப்பித்தான் சொல்றேன். எழுத்துத் தெரியாதவங்க வருவாங்க, காது கேக்காதவங்க வருவாங்க, பயந்து போனவங்க வருவாங்க. ஒரு தடவ சொன்னா அவங்களுக்கு நிக்காது. வீட்டுலயும் அப்படித்தான் சொல்றேன். ஏன் சொல்றேன்னு இந்த ஊருல ஒருத்தராவது கேட்டீங்களா? எத்தனை தடவன்னு எண்ணத் தெரிஞ்ச உங்க பெட்டிக்கு, ஏன்னு ஒரு தடவ கேக்கத் தெரியலையே! மனுசங்க சொன்னதையே சொல்றது புத்தி கெட்டுத்தானா? பக்கத்துல இருக்கறவங்களுக்காகச் சொல்றதே கிடையாதா?”

கீர்த்திவாசன் அவளைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகப் பரஞ்சோதியைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்து, யாரையோ வழியனுப்புகிற மாதிரிக் கையசைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் மக்குப் பையன் இல்லை. அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து நின்றது. உடனே திரையைக் குனிந்து பார்த்தான். திரையில் அடர்பச்சை எரிந்தது. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அதை நம்பினான். வசதியாக இருந்தது.

“உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்,” என்றான் அன்பாக. “உங்க அனுபவத்துக்கு உரிமத்தைப் பறிக்க எனக்கே மனசு வரல. சட்டத்துல ஒரு வழி இருக்கு. அடர்பச்சையில இருக்கறவங்க ஒருத்தர் பொறுப்பாளரா கூடவே உக்காந்து, ஒவ்வொரு மருந்துக்கும் ‘சரி’ன்னு வாயால சொன்னா, மஞ்சள்லயே நீங்க கடையை நடத்தலாம். ஐயா ஏத்துக்குவாரா?”

“அவளுக்காக இதுகூடச் செய்ய மாட்டனா?” என்றார் பரஞ்சோதி. திரையை அவர் முன்னால் திருப்பினார்கள். பாதுகாக்கப்படுபவரின் பெயரைச் சொல்லவும் என்றது அது.

அவர் தமயந்தியைப் பார்த்தார். அன்போடுதான் பார்த்தார். “என் வாழ்க்கைத் துணைவி, என் இல்லத்தின் விளக்கு...” என்று அழகாகத் தொடங்கி, நின்றார்.

“தமயந்தி,” என்றாள் அவள்.

“தமயந்தி!” என்றார் அவர் கணீரென்று. திரையில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. குறுக்கே பேசியதற்காக அவளுக்கு ஒரு ‘ச்’ விழுந்தது.

திங்கட்கிழமை கடை திறந்தார்கள். கவுண்ட்டருக்குப் பக்கத்தில் கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு, ஜிப்பாவும் திருநீறுமாகப் பரஞ்சோதியை உட்காரவைத்தாள். உரிமத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை வந்திருந்தது. ‘பொறுப்பாளர்: திரு. பரஞ்சோதி’ என்று எழுதியிருந்தது. மஞ்சள் விளக்கைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் தெளிந்தார்கள். கூட்டம் முன்னைவிட அதிகமாகவே வந்தது. மேலே படுத்துக்கிடக்காமல் அவர் கண்முன்னால் இருப்பது தமயந்திக்கும் ஒருவகையில் நிம்மதிதான் என்பதை அவள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நிம்மதியைக்கூட இவர்கள் கையால் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்றுதான் அவளுக்கு ஆற்றாமை.

சவரிமுத்து வந்தார். தமயந்தி அவருடைய மாத்திரையை எடுத்து வைத்தாள். முப்பது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள் வைத்த அட்டையை அவர் எடுத்து, பயபக்தியோடு நாற்காலிப் பக்கம் நீட்டினார்.

“ஐயா, நீங்க ஒரு தடவ பாத்துருங்க.”

பரஞ்சோதி அட்டையைத் தலைகீழாக வாங்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“அற்புதம்!” என்றார். “சரி!”

சவரிமுத்து திருப்தியாகப் பையில் போட்டுக்கொண்டு போனார். மும்தாஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தமயந்தி பார்க்கவில்லை.

மதியம் கூட்டம் குறைந்ததும் பரஞ்சோதி அவள் பக்கம் சாய்ந்தார். கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இது யாரு கடைம்மா?”

தமயந்தி சுவரைப் பார்த்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே அது காத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அதற்குப் பயந்துகொண்டு, இரண்டாம் முறை சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பழகியிருந்தாள். இப்போது தாழ்த்தவில்லை.

“நம்ம கடைங்க. நம்ம கடை.”

‘ச்’ என்றது பல்லி.

“நம்ம கடை,” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

‘ச்’.

பரஞ்சோதி அவள் புறங்கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். “ஆமாம்மா, ஆமா,” என்றார்.

தமயந்தி இன்னொரு முறை சொன்னாள்.